40 மடங்கு ஜூமா, பெரிய சென்சாரா: ஏற்காட்டுத் தோட்டத்துக்கு எந்தக் கேமரா?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், அலுவலக வேலை. கணவர் வழியில் ஏற்காட்டில் ஒரு சின்னக் காப்பித் தோட்டம் இருக்கிறது. வாரக் கடைசியில் குடும்பமாகப் போய்வருகிறார்கள். முன்பு டிஎஸ்எல்ஆர் என்ற கனமான, லென்ஸ் மாற்றும் கேமரா வைத்திருந்தார். மணிக்கட்டு வலி வந்ததும் தூக்க முடியாமல் அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டார். இப்போது கையில் இருப்பது நாலு வருடத்துக்கு முன் வாங்கிய மொபைல். பகலில் குறையில்லை, இருட்டினால் "முகத்தில் மாவு பூசின மாதிரி" வருகிறதாம்.

ஒரு கடையில் இரண்டு பழைய கேமராக்களைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740, 40 மடங்கு ஜூம், சின்ன சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு). இன்னொன்று சோனி ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பு. இதில் ஜூம் மூன்று மடங்குக்கும் குறைவு, சென்சார் பெரியது, "ஒரு அங்குல" வகை, விலை ஏறக்குறைய இரட்டிப்பு. "இரண்டும் 20 மெகாபிக்சல்தான். ஜூம் குறைவாக இருப்பதற்கு ஏன் இரண்டு பங்கு பணம்? அந்த ஒரு அங்குல சென்சாரில் டிஎஸ்எல்ஆர் மாதிரி பின்னணி மங்குமா? மொபைலே போதும் என்கிறான் மகன். இன்னும் கொஞ்சம் சேர்த்து இதைவிடப் பெரிய சென்சாராகவே வாங்கிவிடலாமா? வாங்கினால் தோட்டத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாமா?" இவை அவருடைய கேள்விகள். எதையெல்லாம் படம் எடுக்க ஆசை என்றும் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். பூத்த காப்பிச் செடி, பழம் பறிக்கும் பெண்கள், மேகம் இறங்கும் காலை, அடுப்படியில் எண்பது வயது மாமியார், பேத்தி, ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா, தோட்டத்துப் பறவைகள். நல்ல படங்களை 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது எண்ணம்.

அன்புள்ள சகோதரிக்கு,

எந்தக் கேமரா நல்லது என்று மட்டும் கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் எதை எடுக்கப்போகிறீர்கள் என்று எழுதியதால்தான் சொல்ல முடிகிறது. உங்கள் பட்டியலில் ஏழு விஷயங்கள் இருக்கின்றன. பறவையைத் தவிர மீதி ஆறும் உங்களுக்குப் பக்கத்தில் நடப்பவை, அவற்றில் பெரும்பாலானவை வெளிச்சம் குறைந்த இடத்தில் நடப்பவை. அதனால் என் பதில் பெரிய சென்சார் கேமரா. ஆனால் பறவை விஷயத்தில் அது உங்களுக்குக் கைகொடுக்காது. அதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். காரணங்களை விளக்கமாகச் சொல்கிறேன்.

20 மெகாபிக்சல் இரண்டிலும் இருக்கிறதே?

இருக்கிறது. உங்கள் தேவைக்கு இரண்டிலுமே தாராளமாக இருக்கிறது. 12க்கு 18 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 240 புள்ளி வைத்து அச்சிட ஏறக்குறைய 12 மெகாபிக்சல் போதும். ஆகவே அந்த எண்ணை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வித்தியாசம் அந்த 20 மெகாபிக்சலும் எவ்வளவு இடத்தில் இருக்கிறது என்பதில். எஸ்எக்ஸ்740இன் சென்சார் சுமார் 6.2 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம். பரப்பளவு 28 சதுர மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100இல் 13.2க்கு 8.8, அதாவது 116 சதுர மில்லிமீட்டர். நான்கு மடங்குக்குச் சற்று மேல். ஒரு அங்குலம் என்று பெயர் இருந்தாலும் அதன் மூலைக்கு மூலை நீளம் 16 மில்லிமீட்டர்தான். அந்த அளவுமுறை பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து வந்தது. அதனால் பெயரில் உள்ள அங்குலத்தை விட்டுவிட்டு மில்லிமீட்டரையே பாருங்கள்.

நான்கு மடங்குப் பரப்பால் என்ன லாபம்? ஒளி ஒரே சீராக வந்து விழுவதில்லை. துகள் துகளாக, முன்பின்னாக வருகிறது. ஒரு புள்ளியில் சராசரியாக 100 துகள் விழ வேண்டும் என்றால், ஒன்றில் 90, பக்கத்தில் 110 என்று சுமார் 10 அளவுக்கு ஏறி இறங்கும். அது 10 சதவீதம். அந்தப் புள்ளியே நான்கு மடங்கு பெரிதாகி 400 துகள் வாங்கினால் ஏற்ற இறக்கம் சுமார் 20. அதாவது 5 சதவீதம். ஒரே நிறமாக இருக்க வேண்டிய சுவரிலும் கன்னத்திலும் மணல் தூவின மாதிரி தெரிகிறதே, அது இந்த ஏற்ற இறக்கம்தான். வெயிலில் ஒளி கொட்டிக் கிடக்கும்போது இரண்டு கேமராவிலுமே அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகிவிடும். வெளிச்சம் குறையும்போதுதான் சின்ன சென்சார் திணறும்.

லென்ஸையும் சேர்த்துப் பாருங்கள். ஜூம் இல்லாத அகலக் கோணத்தில் ஒளி நுழையும் துளை எஸ்எக்ஸ்740இல் எஃப் 3.3, ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பில் எஃப் 1.8. எஃப் எண் சின்னதானால் துளை பெரிது, ஒளி அதிகம். இந்த வித்தியாசம் மட்டுமே மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம். சென்சார் பரப்பையும் பெருக்கினால் மொத்தத்தில் ஏறக்குறைய 14 மடங்கு. நீங்கள் கொடுக்கும் இரண்டாவது பங்குப் பணம் இதற்குத்தான்.

உங்கள் மாமியார் அடுப்படியில் நிற்கும் படத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு ட்யூப்லைட் எரிகிறது. கை அசைவு தெரியாமல் இருக்க 60இல் ஒரு வினாடி, அதாவது வினாடியில் 60இல் ஒரு பங்கு நேரம், வேண்டும் என்று வையுங்கள். ஐஎஸ்ஓ, அதாவது கிடைத்த ஒளியைக் கூட்டிக் காட்டும் அளவு, ஏற ஏற மணலும் கூடும். ஆர்எக்ஸ்100க்கு ஐஎஸ்ஓ சுமார் 600 போதும். எஸ்எக்ஸ்740க்கு 2000 வேண்டும். அதன் உச்சமே 3200தான். அந்த நிலையில் கேமரா மணலை மறைக்கத் தானாகவே படத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கும். அப்போது மணலோடு சேர்ந்து முகச் சுருக்கம், புடவைக் கரை, நரைமுடி எல்லாம் போய்விடும். உங்கள் மொபைலில் நீங்கள் பார்த்த மாவுப் பூச்சும் இதே வேலைதான். எண்பது வயது முகத்தில் சுருக்கத்தை அழித்துவிட்டுப் பெரிதாக அச்சிட்டு மாட்டினால் அது அவர் முகமாகவே இருக்காது. இந்த ஒரு படத்துக்காகவே நான் பெரிய சென்சார் பக்கம் நிற்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எஃப் 1.8 கிடைப்பது அகலக் கோணத்தில் மட்டும். அதில் முகத்தை நெருங்கி எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். முகத்துக்குக் கொஞ்சம் ஜூம் செய்வீர்கள். அப்போது துளை எஃப் 2.8 ஆகிவிடும், அதே ட்யூப்லைட்டுக்கு ஐஎஸ்ஓ 1500 வரை ஏறும். பெரிய சென்சாரில் 1500 அச்சுக்குத் தாங்கும். இருந்தாலும் அவரை ஜன்னலோரம் உட்காரச் சொல்லி எடுப்பது எந்தக் கேமராவிலும் நல்ல பழக்கம். அப்புறம், இரண்டு கேமராவிலும் கை நடுக்கத்தை அடக்கும் வசதி இருக்கிறது. அது உங்கள் கை அசைவைத்தான் அடக்கும். பேத்தி ஓடுவதை அடக்காது. ஓடும் பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டும், வேறு வழியில்லை.

பின்னணி மங்கலும் பறவையும்

பெரிய சென்சார் என்றால் டிஎஸ்எல்ஆர் மாதிரி பின்னணி கரையும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அந்த எதிர்பார்ப்போடு வாங்கினால் வருத்தப்படுவீர்கள். ஆர்எக்ஸ்100ஐ முழு ஜூமில், அதாவது பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் 70 மில்லிமீட்டர் கோணத்தில், எஃப் 2.8 வைத்து எடுக்கும் முகப்படத்தின் மங்கல், முழு அளவு (ஃபிலிம் சட்டத்தின் அளவு) சென்சாரில் எஃப் 7.6 வைத்து எடுத்ததற்குச் சமம். கொஞ்சம் மங்கும், கரையாது. ஒரு பூவை நெருங்கி எடுத்தால் பின்னால் நன்றாக மங்கும். ஆள் நிற்கும் தூரத்தில் பின்னால் இருக்கும் செடி செடியாகவே தெரியும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. சென்சார் பேச்சில் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். தூரத்தில் இருக்கும் ஒரு பொருளிலிருந்து கேமரா எவ்வளவு ஒளியை வாங்கும் என்பதை முடிவு செய்வது லென்ஸின் திறப்பு எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது. எஸ்எக்ஸ்740ஐ முழு ஜூமில் நீட்டினால் அதன் உண்மையான குவியத் தூரம் 172 மில்லிமீட்டர், துளை எஃப் 6.9. வகுத்தால் திறப்பு 25 மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100இல் முழு ஜூம் 25.7 மில்லிமீட்டர், எஃப் 2.8, திறப்பு 9 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தூரத்துப் பறவையிடமிருந்து சின்ன சென்சார் கேமராதான் ஏழு மடங்கு அதிக ஒளியை வாங்குகிறது. பறவைக்குப் பின்னால் இருக்கும் இலைகளையும் அதுதான் அதிகம் மங்க வைக்கும்.

தோட்டத்தில் சில்வர் ஓக் கிளையில், உங்களிடமிருந்து பத்து மீட்டரில் ஒரு செம்மீசைச் சின்னான் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். கொண்டைக்குருவி என்று நீங்கள் சொல்வது இதுவாகத்தான் இருக்கும். நீளம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். எஸ்எக்ஸ்740இல் அது சுமார் 2,900 புள்ளி நீளத்துக்கு, படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு விழும். ஆர்எக்ஸ்100இல் சுமார் 210 புள்ளி. எவ்வளவு வெட்டிப் பெரிதாக்கினாலும் 210 புள்ளியில் ஒரு பறவை இருந்தது என்று அடையாளம் தெரியும், அவ்வளவுதான்.

ஆகவே பறவைதான் உங்கள் முதல் ஆசை என்றால் நான் இதுவரை சொன்னதை மறந்துவிட்டு எஸ்எக்ஸ்740ஐ வாங்குங்கள். ஆனால் அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெயில் நேரே விழும் கிளையில் ஐஎஸ்ஓ 100லேயே 600இல் ஒரு வினாடி வேகம் கிடைக்கும். படம் கூர்மையாக வரும். அதே பறவை மேகமூட்டத்தில் காப்பிச் செடிக்குள் இறங்கிவிட்டால், 250இல் ஒரு வினாடிக்கே ஐஎஸ்ஓ 2300 வேண்டியிருக்கும். இறகு வரி எல்லாம் பூசி மெழுகிவிடும். சீகாரப் பூங்குருவி மாதிரி கருநீலப் பறவை, அதுவும் ஓடைக்கரை நிழலில் திரிவது, அதில் சரியாக வராது. இன்னொன்று, ஏற்காட்டின் காட்சி முனையான லேடீஸ் சீட்டில் நின்று சேலம் ஊரை 40 மடங்கு ஜூமில் இழுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடுவில் இருக்கும் தூசியும் சூட்டில் அலையும் காற்றும் படத்தை நெளிய வைக்கும். மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் கொஞ்சம் தேறும்.

நிழலிலும் பறவை வேண்டும், தெளிவாகவும் வேண்டும் என்றால் ஒரு அங்குல சென்சாரோடு நீண்ட ஜூம் உள்ள கேமரா உண்டு. சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு 600 மில்லிமீட்டர் கோணம் வரை எஃப் 4இல் போகும். எடை ஒரு கிலோவுக்கு மேல். உங்கள் மணிக்கட்டுக்கு அது டிஎஸ்எல்ஆர் கதையேதான். நீங்கள் பார்த்த இரண்டும் 300 கிராமுக்குள் இருப்பவை. அந்த வரம்பைத் தாண்டாதீர்கள். பறவையை இப்போதைக்கு ஒரு பைனாகுலரில் பார்த்து ரசியுங்கள். ஒரு வருடம் கழித்தும் படமெடுக்க ஆசை குறையவில்லை என்றால் அப்போது ஒரு பழைய ஜூம் கேமராவைத் தனியாக வாங்கலாம்.

மகன் சொல்வதில் பாதி சரி

மொபைலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இப்போது வரும் நல்ல மொபைல்களின் முதன்மைக் கேமரா சென்சார் எஸ்எக்ஸ்740இன் சென்சாரைவிடப் பெரிதாகவே இருக்கிறது. ஒரு அங்குல வகை சென்சாரே சில மொபைல்களில் வந்துவிட்டது. அதோடு மொபைல் ஒரே நொடியில் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்து மணலைக் குறைக்கிறது. அதனால் ஜூம் இல்லாமல் எடுக்கும் படத்துக்கு எஸ்எக்ஸ்740 உங்களுக்கு மொபைலைவிட அதிகமாக எதுவும் தராது. அதன் பலம் முழுவதும் தூரத்தில்தான் இருக்கிறது.

இதிலிருந்து இன்னொரு வழியும் பிறக்கிறது. நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். உங்கள் மொபைல் பழையது. எப்படியும் ஆறு மாதத்தில் நல்ல மொபைலாக மாற்றப்போகிறீர்கள் என்றால், பக்கத்தில் இருப்பதற்கு அந்த மொபைல், தூரத்துக்கு எஸ்எக்ஸ்740 என்று பிரித்துக்கொள்ளலாம். பறவையும் கிடைக்கும், குடும்பப் படமும் ஓரளவு கிடைக்கும். மொபைலை மாற்றும் எண்ணம் இல்லை, அல்லது சாதாரண விலையில்தான் மாற்றுவீர்கள் என்றால் ஆர்எக்ஸ்100தான் சரி.

"ஓரளவு" என்று ஏன் சொன்னேன்? மொபைல் திரையில் பார்க்கும்வரை மொபைல் படத்துக்கும் ஆர்எக்ஸ்100 படத்துக்கும் பகலில் உங்களால் வித்தியாசம் சொல்ல முடியாது. 12க்கு 18இல் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்தால் இலை நரம்பிலும் தலைமுடியிலும் தெரியும். பழம் பறிக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் கூடை தூக்கி வரும் பெண்கள் சில்வர் ஓக் நிழலில் நிற்பார்கள், பின்னால் மேகம் வெள்ளையாக எரியும். அங்கே மொபைல் முகத்தை வெளுத்துவிட்டு மேகத்தைச் சாம்பலாக்கி, எல்லாவற்றையும் ஒரே தட்டையாக்கிவிடும். ஆர்எக்ஸ்100இல் ரா கோப்பாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் படமாக எடுத்து, எவ்வளவு நிழல், எவ்வளவு வெளிச்சம் என்பதை வீட்டில் உட்கார்ந்து நீங்களே முடிவு செய்யலாம். எஸ்எக்ஸ்740இல் ரா கிடையாது. (அந்தப் பெண்களிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், ஒரு பிரதி அவர்களுக்கும் கொடுங்கள். முதலாளி வீட்டார் கேமரா தூக்கினால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்கள்.)

சின்ன சென்சார் எங்கே ஜெயிக்கும்?

தூரம் ஒன்று, சொல்லிவிட்டேன். நெருக்கத்திலும் அதற்கு ஒரு பலம் உண்டு. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்குமே, அந்தப் பூவில் தேனீ உட்காரும். எஸ்எக்ஸ்740 அகலக் கோணத்தில் ஒரு சென்டிமீட்டர் வரை நெருங்கிக் குவியும். ஆர்எக்ஸ்100க்கு ஐந்து சென்டிமீட்டர் வேண்டும். ஜூம் செய்தால் 30 சென்டிமீட்டர். சின்ன சென்சாரில் தெளிவின் ஆழமும் அதிகம். தேனீயின் கண்ணும் இறக்கையும் காலும் ஒரே படத்தில் கூர்மையாக விழும். பெரிய சென்சாரில் கண் தெளிந்தால் கால் மங்கும்.

அசையாத பொருளுக்கு ஒரு சின்ன முக்காலி இருந்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறையும். இரவில் லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் சேலத்து விளக்குகளை முக்காலியில் வைத்து ஐஎஸ்ஓ 100இல் சில வினாடி திறந்து எடுத்தால் சின்ன சென்சாரும் நன்றாகவே கொடுக்கும். மேகம் இறங்கிய காலையும் அப்படித்தான். அங்கே இரண்டு கேமராவும் ஒரே தப்பைச் செய்யும். வெள்ளை மேகத்தைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு படத்தை இருட்டாக்கும். கேமராவின் வெளிச்சத் திருத்தத்தில் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) கூட்டல் 0.7 அல்லது 1 வைத்துக்கொண்டால் ஏரிக்கரை மேகம் மேகமாகவே வரும்.

கோட்டை மாரியம்மன் திருவிழா மட்டும் முக்காலிக்கு அடங்காது. கூட்டம் நகரும், விளக்கு ஆடும். ஆடி மாத ராத்திரிக்கு எஃப் 1.8 உள்ளவர்தான் படத்தோடு வீடு திரும்புவார்.

இன்னும் பெரிய சென்சார் வேண்டுமா?

உங்களுக்கு வேண்டாம். ஏபிஎஸ்-சி அளவு சென்சார் வைத்த கையடக்கக் கேமராக்கள் உண்டு. பரப்பு ஒரு அங்குல வகையைவிட மூன்று மடங்கு. ரிக்கோ ஜிஆர் மூன்றாம் பதிப்பு 257 கிராம்தான், சட்டைப் பையில் போகும். ஆனால் ஜூம் கிடையாது, ஃப்ளாஷ் கிடையாது, 28 மில்லிமீட்டர் கோணம் ஒன்றுதான். ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையும் ஒரே கோணம்தான், 35 மில்லிமீட்டர். தெருவில் நடந்து நடந்து படம் எடுப்பவருக்கு அவை அருமையானவை. முகமும் பூவும் திருவிழாவும் ஒரே கேமராவில் வேண்டும் என்கிற உங்களுக்கு ஜூம் இல்லாதது தினமும் உறுத்தும். ஆர்எக்ஸ்100 எஃப் 1.8இல் வாங்கும் மொத்த ஒளி, ரிக்கோ எஃப் 2.8இல் வாங்குவதைவிடச் சற்றுத்தான் குறைவு. அந்த வித்தியாசத்துக்காக இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மாமியாருக்கு எண்பது ஆகிவிட்டது.

பணம் கொடுக்கும் முன்

இரண்டும் பழைய கேமரா என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பு 2014இல் வந்தது. கடையில் இருக்கும் கேமரா பத்து வருடம் பழையதாக இருக்கலாம்.

லென்ஸில் பூஞ்சை: மொபைல் டார்ச்சை லென்ஸுக்குப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். இந்த வகைக் கேமராவில் லென்ஸைக் கழற்றித் துடைக்க முடியாது.

சென்சாரில் தூசி: துளையைக் குறைந்த அளவுக்கு, எஃப் 8 அல்லது 11க்கு வைத்து ஒரு வெள்ளைச் சுவரை எடுங்கள். படத்தைப் பெரிதாக்கினால் மங்கலான கருப்புப் பொட்டுகள் தெரிகிறதா? நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அதோடு தூசியும் போகும். ஒன்றிரண்டு பொட்டு பரவாயில்லை. நிறைய இருந்தால் சேவை மையத்தில் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அசையும் பாகங்கள்: ஜூமைப் பத்துத் தடவை நீட்டிச் சுருக்குங்கள். கரகரப்பு, தயக்கம் இருக்கக் கூடாது. ஆர்எக்ஸ்100இல் மேலே எழும்பும் பார்வைக் கண்ணாடி (வியூஃபைண்டர்), ஃப்ளாஷ், திரும்பும் திரை மூன்றையும் இயக்கிப் பாருங்கள்.

உங்கள் சொந்தச் சோதனை: ஒரு மெமரி கார்டு எடுத்துப் போங்கள். கடையின் இருட்டு மூலையில் கூட வந்தவர் முகத்தை இரண்டு கேமராவிலும் எடுங்கள், வெளியே வந்து தெருக்கோடியில் இருக்கும் பெயர்ப்பலகையையும் எடுங்கள். மொபைலிலும் அதையே எடுத்து, முகப்படம் மூன்றையும் 12க்கு 18இல் அச்சிட்டுப் பாருங்கள். மூன்று பிரிண்ட் செலவு பெரிய தொகை இல்லை. நான் எழுதியது முழுவதையும்விட அந்த மூன்று தாளை நம்புங்கள். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

உங்கள் உரிமை: கேமராவின் தொடர் எண், எத்தனை நாள் கடை உத்தரவாதம் என்ற இரண்டும் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய பொருள் என்றாலும், கடையில் பணம் கொடுத்து வாங்கினால் நீங்கள் நுகர்வோர்தான். குறையை மறைத்து விற்றிருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலம் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். இதற்கெல்லாம் ஆதாரம் அந்த பில்தான். இணையத்தில் விளம்பரம் பார்த்து ஒரு தனி ஆளிடம் வாங்கினால் இந்த வழி சுலபமாகத் திறக்காது. அவர் வியாபாரி இல்லை. விலை கொஞ்சம் குறைவு என்பதற்காக அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து.

தோட்டத்து வீட்டில் வைத்துவிட்டு வரலாமா?

வேண்டாம். 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் நாள் கணக்கில் மேகம் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், பீரோவுக்குள் மூடி வைத்த கேமராவில் பூஞ்சை பிடிப்பது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோல் பை இன்னும் மோசம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். சேலத்துக்கே கொண்டுவந்து, காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை சிலிகா ஜெல் வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். வாரம் ஒரு தடவையாவது வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். பயன்பாட்டில் இருக்கும் லென்ஸில் பூஞ்சை அவ்வளவாக வராது.

இறங்கி வரும் வழியிலும் ஒரு கவனம் தேவை. குளிர்ந்த கேமராவோடு 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்து, அடிவாரத்துச் சூட்டில் உடனே பையைத் திறந்தால் லென்ஸ் மேலும் உள்ளேயும் ஈரம் படியும். ஜிப்பை மூடியபடியே வீடு வந்து, அரை மணி நேரம் விட்டு அப்புறம் எடுங்கள். பேட்டரியையும் கார்டையும் அதற்குப் பிறகு கழற்றிக்கொள்ளலாம்.